ஊரெல்லாம் தெரிகிறது

மனித குலம் தன் நினைவுகள் அழியாமலிருக்கக் கல்லில் வெட்டியது, செப்பில் பொறித்தது, ஓலையில் கீறியது, காகிதத்தில் அச்சிட்டது. அந்த நெடும் பயணத்தின் நிறைவாக எழுந்த அறிவுக் களஞ்சியம் மதுரை விளாங்குடியில், வாஷிங் மெஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் இருக்கிறது. அதன் பெயர் 'அழகுபாண்டியம்'. அதன்மேல் ஈரத் துண்டு போடக் கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

அதை நிறுவியவரும் அதில் நிறைந்திருப்பவரும் ஒருவரே. திரு. அழகுபாண்டி, அரசு அலுவலகக் கண்காணிப்பாளர், ஓய்வு. எந்த அலுவலகம் என்று கேட்கக் கூடாது. கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் நிலை. தன் பணி நிறைவு விழாவில் அவர் ஆற்றிய ஏற்புரை, பிறர் பணி நிறைவு விழாக்களில் ஆற்றிய வாழ்த்துரைகள், பொன்னாடை வாங்கிய படங்கள், போர்த்திய படங்கள், 'குடிநீர்க் குழாயும் குடிமகன் கடமையும்' என்ற கட்டுரை, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் 'அழகுபாண்டியம்' இணையதளத்தில் உண்டு. முகப்பில் தினமும் ஒரு சிந்தனை மாறும். ஆரம்பத்தில் அது உலகுக்கான சிந்தனையாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல 'இன்று ரசத்தில் உப்பு தூக்கல்', 'கேஸ் வந்துவிட்டது', 'மாடித் தொட்டியில் கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது' என்று ஆகிவிட்டது. உலகம் இதை எப்படி எடுத்துக்கொண்டதோ தெரியாது. அது உலகுக்கு எழுதியதும் அல்ல. ரோகிணிக்கு எழுதியது.

ரோகிணி அவர் மனைவி. மகள் பவதாரிணியின் பிரசவத்துக்குப் பெங்களூர் போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குழந்தை இப்போது வீடு முழுக்க நடக்கிறது, ஓடுகிறது. ரோகிணி அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல முடியாத விஷயத்தில் அழகுபாண்டிக்குப் பழக்கம் குறைவு. அதனால் அவர் தனியாகப் பெங்களூர் போய் மருமகன் வீட்டு சோபாவில் உட்காரவும் மறுத்துவிட்டார். சொந்த வீட்டை விட்டுவிட்டு என்னத்துக்கு என்றார்.

அவள் தினமும் காலையில் போனில் எதையாவது அனுப்புவாள். அவர் 'அருமை' என்று தட்டி அனுப்பிவிட்டுத் தளத்தின் வேலையில் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் அவள் கூப்பிடும்போது, "பாத்தியா?" என்பார். "பாத்தேன்," என்பாள். குழந்தை அழும். போன் வைக்கப்படும். அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவருடைய மறுநாள் நின்றுகொண்டிருந்தது.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் செல்வக்குமார். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், இணைய ஆலோசனை. இந்தத் தளம் உலகத்துக்குத் தெரிய வேண்டுமானால் வெளியே ஒரு நிறுவனத்தில் இடம் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு மாதா மாதம் வாடகை உண்டு என்று அவர் சொல்லத்தான் செய்தார். வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் அழகுபாண்டியின் முகம் மாறியது. கடன் வாங்கி மனை வாங்கி, செங்கல்லுக்குச் செங்கல் நின்று பார்த்துக் கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் மனிதர் அவர். அவருடைய சரித்திரம் போய் இன்னொருத்தன் வீட்டில் வாடகைக்கு இருப்பதா? சொந்த வீடு இருக்கிறது, சொந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது, இங்கேயே வையுங்கள் என்றார். செல்வக்குமார் இரண்டாவது தடவை விளக்கிப் பார்த்தார். அப்போது கடையிலிருந்து கூப்பிட்டார்கள். சரிண்ணே என்று வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அழகுபாண்டி பரிசோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. கைபேசியை எடுத்துக்கொண்டு ஹாலில் பார்த்தார், தெரிந்தது. அடுப்படியில் தெரிந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்தார், அங்கேயும் தெரிந்தது. அதற்கு மேல் உலகத்தில் என்ன இருக்கிறது? பிறகொரு நாள் திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது திறந்து பார்த்ததில் ஒன்றும் வரவில்லை. டவர் சரியில்லை என்று எடுத்துக்கொண்டார்.

முகவரியாகச் செல்வக்குமார் எழுதிக் கொடுத்தது எண்கள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்று அறுபத்தெட்டு என்று போகும். பெயரைவிட எண் கம்பீரமாகப் பட்டது அவருக்கு. கோப்பு எண் மாதிரி. விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் அடித்து, திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த வரிசை முழுவதற்கும் கொடுத்தார். மறுவாரமே பாராட்டுகள் வரத் தொடங்கின. பழைய சகா முத்திருளன் மட்டும் வாரம் ஒரு முறை போனில் கூப்பிட்டு, தினம் பாத்துட்டுத்தாண்ணே சாப்பிடுறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை. அழகுபாண்டிக்கும் ரோகிணிக்கும் கல்யாண நாள். மழை பெய்வதா வேண்டாமா என்று வானம் இழுத்துக்கொண்டிருந்த காலை. கல்யாண ஆல்பத்தை ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் எடுத்து, இந்த நாளுக்காகவே ரகசியமாக ஒரு பக்கம் தயாரித்து வைத்திருந்தார். ஸ்டுடியோக்காரர் படங்களுக்கு வரிசையாக எண் கொடுத்திருந்ததால், ஆல்பத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு எழுதுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. 'மணமகன் கம்பீரமாக நிற்கும் காட்சி.' 'மணமகனுக்கு மாமனார் மோதிரம் அணிவிக்கும் காட்சி.' 'மணமகன் தாலி கட்டும் காட்சி (அருகில் மணமகள்).'

விடிந்ததும் பக்கத்தை ஏற்றினார். தான் இன்னும் திறந்து பார்க்கவில்லை என்ற ஞாபகமே இல்லாமல் ரோகிணியைக் கூப்பிட்டு, தளத்தைப் பார், உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன், நம் கல்யாணப் படம் என்றார். குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவள் பார்க்கிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"பாத்தேங்க. நல்லா இருக்கு. அந்த அரக்குச் சேலை கலரு அப்படியே தெரியுது."

சந்தோஷம் குரலில் கேட்டுவிடாமல், சரி சரி என்று அதிகாரத் தோரணையில் போனை வைத்துவிட்டார். தானும் ஒரு முறை பார்ப்போம் என்று கம்ப்யூட்டரில் திறந்தார்.

குறிப்புகள் இருந்தன. படங்கள் இல்லை. வரிசையாக வெற்றுக் கட்டங்கள். கம்பீரமாக நிற்கும் காட்சியில் யாரும் நிற்கவில்லை.

பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தார். பொன்னாடைகள் பத்திரமாக இருந்தன. புதிய பக்கத்தில் மட்டும்தான் கோளாறு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வைஃபை பெட்டியைக் கழற்றி மாட்டினார். செல்வக்குமாரைக் கூப்பிட்டதில், வைரஸா இருக்கும்ணே, மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி போட்ருவோமா என்றார். அழிப்பது என்றதும் இவர் போனை வைத்துவிட்டார். பிறகு, விசாரணையின் ஒரு பகுதியாக முத்திருளனைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குத் தளத்தைப் பாத்தீரா?"

"இப்பத்தாண்ணே பாத்தேன். கலக்கிட்டீங்க."

"படம் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது. எம்புட்டுப் படம்ணே, ராசா கணக்கா நிக்கிறீங்க."

அழகுபாண்டி ஆதாரங்களைத் தொகுத்தார். பெங்களூரில் தெரிகிறது. தல்லாகுளத்தில் முத்திருளன் வீட்டில் தெரிகிறது. ஆக, உலகத்தில் கோளாறு இல்லை. கோளாறு தன் வீட்டுக்குள் மட்டும்தான். ஓர் அலுவலகத்தை நடத்தியவருடைய தர்க்கம் அது. எங்கேயும் ஓட்டை கிடையாது.

மாடியில் குடியிருக்கும் இசைவாணியைக் கூப்பிட முடிவு செய்தார். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். அவள் வீடு கேட்டு வந்தபோது அழகுபாண்டி முன்பணம் பேசியதைவிட எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று பேசிய நேரம்தான் அதிகம். எல்லாம் ஆதார் கார்டில் இருக்கிறது சார் என்று அவள் அதை நீட்டினாள். இன்னொரு காலமாக இருந்தால் இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். ஆனால் மாடி காலியாகக் கிடந்த மாதங்களில் ராத்திரி மேலே யாரும் நடக்காத சத்தம் அவருக்குக் கேட்க ஆரம்பித்திருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டார். வைஃபையும் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு மேல் உறவில்லை. வாடகை தரும்போதுகூட அவள் வாசற்படியோடு நின்று திரும்பிவிடுவாள். உள்ளே வா என்று அவரும் சொன்னதில்லை.

இன்றைக்குச் சொன்னார். அவள் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து, வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழகுபாண்டி பின்னால் கைகட்டி நின்று வழக்கை எடுத்துரைத்தார்.

"ஊரெல்லாம் தெரியுதும்மா. என் வீட்ல மட்டும் தெரியமாட்டேங்குது."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு சார் தெரியுதுன்னு சொன்னது?"

சொன்னார். பெங்களூரையும் தல்லாகுளத்தையும் சொன்னார். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். படங்களை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இணையத்தில் என்றார். இணையத்தில் எங்கே என்றாள். அவர் கம்ப்யூட்டரைச் சுட்டிக் காட்டினார். அவள் எதையெதையோ திறந்து மூடினாள். படங்கள் எல்லாம் வெளியே மாட்டுகிற ஒரு டிஸ்க்கிலிருந்து வரும்படி செல்வக்குமார் அமைத்திருக்கிறார், அந்த டிஸ்க்தான் காணவில்லை என்றாள். கறுப்பாக, சோப்பு டப்பா அளவில், ஒரு வயரோடு இருக்கும்.

அப்படி ஒரு பொருள் இந்த வீட்டில் கிடையாது என்று சொல்ல அழகுபாண்டி வாயைத் திறந்தார். திறந்தபடி நின்றார்.

சரஸ்வதி பூஜையன்று அந்தச் சோப்பு டப்பாவைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோயிருந்தார். ஆல்பப் படங்களை அதிலேயே ஏற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. ரோகிணி. அரிவாள்மனை, கத்தரிக்கோல், வண்டிச் சாவி, நாலு புத்தகம், எல்லாத்தையும் சாமி முன்னால் வையுங்க, சந்தனம் குங்குமம் வையுங்க, இன்னைக்கு எதையும் எடுத்து வேலை செய்யாதீங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே வைத்தார். தன்னுடைய ஆயுதம் எது என்று யோசித்து, கையிலிருந்த டிஸ்க்குக்கும் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி விரித்து அதன் மேல் வைத்து, பொரிகடலையைத் தூவினார். மறுநாள் மறுபூஜை செய்து எல்லாவற்றையும் எடுத்து அந்தந்த இடத்தில் வைப்பது எப்போதும் ரோகிணிதான். அந்த மறுநாள் அவள் கூப்பிடவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். பசித்தபோது அரிவாள்மனையை எடுத்தார். வெளியே போகும்போது வண்டிச் சாவியை எடுத்தார். புத்தகமும் டிஸ்க்கும் தேவைப்படவில்லை.

பூஜை அலமாரியைத் திறந்தார். பொரி நமுத்துப்போய், அலமாரி முழுக்க எறும்பு. கையில் ஏறியதும் உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அலமாரிக்குச் சற்றுத் தள்ளியே நின்றிருந்த இசைவாணி அவரைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லி அவர் தலையை ஆட்டினார். அவள் உள்ளே கைவிட்டு டிஸ்க்கை எடுத்து, ஊதித் தட்டி, துப்பட்டாவின் நுனியால் வயர் மாட்டும் இடத்திலிருந்த சந்தனத்தைத் துடைத்தாள். கொண்டுபோய் மாட்டினாள்.

கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மணமகன் கம்பீரமாக நின்றார். மாமனார் மோதிரம் போட்டார். மாலையின் கனத்தில் குனிந்திருந்த ரோகிணி, யாரோ ஏதோ கேலி சொன்னதற்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அழகுபாண்டி கைகட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் குனிந்தார். எல்லாம் வந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் பிலிம் போடுவது வீண் செலவு என்று மாமனார் சொல்லிவிட்ட கல்யாணம் அது.

அரக்குக் கலர் அப்படியே தெரிகிறது என்றல்லவா சொன்னாள்.

அவர் குனிந்தபடியே இருந்தார். அதிகாரம் எதுவும் இல்லாத குரலில் கேட்டார். இந்த டிஸ்க் அலமாரியில் இருந்தபோது வெளியே யாருக்காவது இந்தப் படம் தெரிந்திருக்குமா?

தெரியாது சார் என்றாள். பிறகு, மறைப்பதில் இனி அர்த்தமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தன் கைபேசியை எடுத்து இந்த வீட்டு வைஃபையைத் துண்டித்துவிட்டு அதே எண்களைத் தட்டி அவரிடம் நீட்டினாள். வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த எண் இந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண் என்றாள். கதவு நம்பர் மாதிரி. பெங்களூரிலும் இதே எண் எத்தனையோ வீடுகளுக்குள் இருக்கும், அங்கே தட்டினால் அந்த வீட்டைத்தான் தேடும். பழைய பக்கங்களில் பொன்னாடை மட்டும் தெரிந்ததற்கும் காரணம் சொன்னாள்: நீங்கள் ஒரு தடவை பார்த்த படத்தைக் கம்ப்யூட்டர் எடுத்து வைத்துக்கொண்டு உங்களுக்கே திரும்பக் காட்டியிருக்கிறது. வேறு யாராவது பார்த்திருந்தால் சரஸ்வதி பூஜையிலிருந்தே அது காலிதான்.

பூஜை போய், தீபாவளி போய், இன்று வரைக்கும். படம் தெரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. தினமும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிற முத்திருளன் உட்பட.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"குடி வந்த அன்னைக்கே தெரியும் சார். கார்டு குடுத்தீங்கள்ல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவள் யோசித்தாள். "எல்லாரும் பாக்குறாங்கன்னு சொன்னீங்க. அம்புட்டுப் பேர் பாக்குறப்ப நான் ஒருத்தி எப்படி சார் இல்லைங்கிறது?" பிறகு எழுந்துகொண்டு, கறிவேப்பிலை துளிர்விட்டதைப் போட்டிருந்தீர்களே, அதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். தினமும் இல்லை, தூக்கம் வராதபோது. இது நிஜம் சார் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவருக்கு அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அன்று அவருக்கு நம்ப முடியாமல் போன மூன்றாவது ஆள் அவள். காபி குடிக்கிறாயா என்று கேட்க நினைத்து, பால் இருக்கிறதா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் மாடிப்படி ஏறிவிட்டாள்.

பகல் முழுக்க அவர் ஒரு குறிப்பாணை தயாரித்துக்கொண்டிருந்தார், மனதுக்குள். அலுவலகத்தில் பலருக்குக் கொடுத்தது போன்றது. ஒன்று: தாங்கள் படங்களைப் பார்த்ததாகக் கூறியது உண்மையா? இரண்டு: உண்மையெனில் சேலையின் நிறம் எவ்வாறு தெரிந்தது? மூன்று: கடந்த காலத்தில் 'பாத்தேன்' என்று கூறிய ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் தருக. கைபேசி ஒரு முறை மணியடித்தது. ரோகிணியிடமிருந்து ஏதோ வந்திருந்தது. பழக்கத்தில் 'அருமை' என்று தட்டிவிட்டு, தட்டியதற்காகத் தன்மேல் கோபப்பட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. தளத்தின் முகப்பில் இன்றைய சிந்தனை மாறவில்லை. முதல் முறையாக, மாறாததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மழை ஒருவழியாக வந்து, கொஞ்சமாகப் பெய்துவிட்டு, திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் கூப்பிட்டாள். அவர் ஹாலின் நடுவில் எழுந்து நின்று எடுத்தார். முதல் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அவள் முந்திக்கொண்டாள். குரல் களைத்திருந்தது, ஆனாலும் உள்ளே ஒரு குதூகலம்.

"காலையில அனுப்புனதப் பாத்தீங்களா?"

அவர் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"பாத்தேன்."

"புள்ள எப்படிக் கூப்பிடுது பாத்தீங்கள்ல? யாரும் சொல்லிக்குடுக்கல. உங்க போட்டோவக் காட்டித் தானாக் கூப்பிடுது."

"ம். அருமை," என்றார் அழகுபாண்டி.

அவள், தை பிறந்ததும் எப்படியாவது வந்துவிடுகிறேன், வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றாள். குழந்தை எதையோ தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது. குறிப்பாணையின் மூன்று கேள்விகளும் அப்படியே இருந்தன.

அவர் உட்கார்ந்து, அவள் அனுப்பியவை இருக்கும் இடத்தைக் கைபேசியில் திறந்து மேலே மேலே தள்ளினார். எல்லாம் குழந்தையின் வீடியோக்கள். ஒவ்வொன்றும் மங்கலாக, நடுவில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறியோடு நின்றது. பொன்னாடைப் படங்களால் கைபேசி நிரம்பிவிட்டதென்று, வருகிற வீடியோக்கள் தானாக இறங்காதபடி போன வருடமே நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே 'அருமை' என்று அவர் பதில் இருந்தது. ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.